இடக் கையில் துடித்த நாடி

அத்தியாயம் ஒன்பது

“வாப்பா, இந்த ரத்தத்துக்கு நான் யாரெண்டு தெரியுமா?”

ஆறு வயதில் ரிப்கா கேட்ட கேள்வி அது. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். தலைமாட்டில் தொங்கிய பையிலிருந்து யாரோ ஒருவரின் இரத்தம் சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அவள் தகப்பன் தாஸிம் இரத்த வங்கிக்குப் போய், தந்தவர் யாரென்று கேட்டார். ஒரு நன்றி சொல்லத்தான். அந்த வாரம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறையச் சனம் வந்து தந்துவிட்டுப் போனது, பெயரெல்லாம் சொல்வதில்லை என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர். “தந்தவங்க ஒண்டும் கேக்கல்ல. நீங்களும் கேக்க வாணாம்.”

பதினைந்து வருடம் ஓடிவிட்டது. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தாஸிமோ இருபது வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவிக் கண்டுபிடித்துவிட்டு, அந்த வேலையின் கசப்பு தாங்காமல் விலகி வந்து, கண்டி நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே சொந்தமாக விசாரணை அலுவலகம் வைத்திருந்தார். இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, தேத்தண்ணீர் வைக்க ஒற்றை அடுப்பு, உதவிக்குக் கஜலட்சுமி. அவள் தன் சொந்த ஓட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு அலைவாள், குறிப்பெடுப்பாள். வாயை மூடச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மஸாஹிரா வந்து கதிரை நுனியில் உட்கார்ந்து தன் கணவன் நஸீபின் கதையைச் சொன்னபோது, தாஸிமுக்கு அந்தப் பழைய கேள்விதான் ஞாபகம் வந்தது.

கெட்டம்பேப் பக்கத்தில் ஒரு தனியார் ஆய்வு நிலையம். அங்கே நஸீப் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறான். இரத்தக் குழாய்களில் அழற்சி வரும் நோயாளிகளின் இரத்தத்தை மாதாமாதம் சோதித்து எண்களை எழுதிக் கொடுப்பது அவன் வேலை. ஹந்தானைத் தோட்டத்து ஜெயராணி என்ற பெண்ணின் எண்கள் ஐந்து மாதமாக நன்றாக இருந்தன. அதை நம்பி டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஆறாம் மாதம் ஒரு விடியற்காலையில் ஜெயராணியின் வலது கண் பார்வை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்தால் உடம்பு முழுக்க நோய் கொதித்துக்கொண்டிருந்தது. நஸீப்தான் இரத்த மாதிரிக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டான் என்று நிலையம் முடிவு கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போவதோடு நிற்காது, இனி எந்த ஆய்வுகூடத்திலும் அவனைச் சேர்க்கமாட்டார்கள்.

“வேல போனாப் போகட்டும் நானா,” என்று சொந்த அண்ணனை அழைப்பதுபோலச் சொன்னாள் மஸாஹிரா. “இப்ப அவரே, நான்தான் மாத்திப் போட்டனோ, அந்தப் புள்ளட கண்ண நான்தான் எடுத்தனோ எண்டு சுவரப் பாத்துக் கேட்டுக்கிட்டு ஈக்கிறார். அவர் செஞ்சீந்தா செஞ்சார் எண்டு சொல்லுங்க. செய்யல்லாட்டி, அத அவருக்கு மட்டும் சொல்லுங்க.”

அவள் படியிறங்கிப் போன பிறகு, கஜலட்சுமி கேட்காமலே ஓட்டோச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

நஸீப் வீட்டில் தாடி மழிக்காமல் உட்கார்ந்திருந்தான். வேலையைப் பற்றிக் கேட்டதும்தான் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. குருதிக் குழாயின் சுவர் அழன்றால் அங்கே ஒட்சியேற்றம் கூடும், இரும்பில் துருப் பிடிப்பதுபோல உள்ளே அரிக்கும், அந்த அரிப்பைத் தணிக்க உடம்பே சில நொதியங்களை வைத்திருக்கிறது என்று விளக்கினான். நோய் முற்றினால் அந்த நொதியங்களின் வேலை தளரும். அவை எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று அளந்தால், உள்ளே நெருப்பு எந்த மட்டில் எரிகிறது என்று கணிக்கலாம். மருந்துக்கடையில் விற்கும் பேரொட்சைட்டு ஒரு துளியைப் புண்ணில் விட்டால் நுரைக்குமே, அதுவும் அப்படி ஒரு நொதியத்தின் வேலைதானாம்.

தன் ஓட்டோவுக்கும் இதே வருத்தம்தான், நொதியம் இல்லாததால் பெயின்ற் அடிக்கிறேன் என்றாள் கஜலட்சுமி. நஸீப் வாரக்கணக்கில் முதல் தடவையாகச் சிரித்தான். சிரித்ததற்கு உடனே வெட்கப்பட்டான்.

எண்களை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். சுகமான ஆளுக்கு நூறு என்றால், ஜெயராணிக்கு முதல் மாதம் முப்பத்தெட்டு. அடுத்து தொண்ணூற்றொன்று. பிறகு தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூறு.

தாஸிம் அதை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டார்.

“மகன், நீங்க கைதவறிக் குழாய மாத்தியிருந்தா ஒரு மாசம் ஒருத்தர்ட ரத்தம், அடுத்த மாசம் இன்னொருத்தர்ட ரத்தம். எண்ணும் அங்கயும் இங்கயும் பாஞ்சிருக்கணும். இது அஞ்சு மாசமா ஒரே எடத்துல நிக்குது. இது ஒரு ஆள்ட ரத்தம்.”

“அப்ப நான் ஒரே ஆள்ட குழாயத்தான் அஞ்சு தரமும் மாத்தினேன் எண்டு சொல்லுவாங்க,” என்றான் நஸீப்.

“மறதிக்காரன் அவ்வளவு ஒழுங்கா மறக்கமாட்டான் தம்பி,” என்றாள் கஜலட்சுமி. “எங்க வீட்டுக்காரர வச்சுச் சொல்றேன்.”

மறுநாள் காலை, நஸீபின் தரப்பு ஆள் என்ற கடிதத்தோடு இருவரும் நிலையத்துக்குப் போனார்கள். இரத்தம் எடுக்கும் அறையில் தாதி நிரஞ்சனி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வேலையில் சுத்தம், பேச்சில் அவசரம். ஜெயராணியின் கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாதாமாதம் வந்து இரத்தம் தந்து, அழுத்தம் பார்த்து, மாத்திரை வாங்கிப் போவதெல்லாம் தன்னோடுதான், டாக்டர் எண்களைப் பார்த்து மாத்திரைச் சீட்டு எழுதுவார் என்றாள்.

தாஸிம் நோயாளிகளின் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார். அழுத்தம் பார்க்கும் கருவி இடப்பக்கச் சுவரில் அறையப்பட்டிருந்தது. அதன் இறப்பர்க் குழாயை இழுத்துப் பார்த்தார். இடக் கைக்கு வந்தது. வலக் கைக்கு எட்டவில்லை.

“எல்லாருக்கும் இடக் கையிலதானா பாக்கிறது, மிஸ்?”

“ஓம். அது எட்டாது. எழுதிக் குடுத்தும் ஒருத்தரும் மாத்தித் தரேல்லை.”

தாஸிம் கோப்பின் மேல் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒவ்வொரு மாதமும் புதிய தாளை மேலே மேலே செருகியிருந்தார்கள். இடக் கை அழுத்தம் நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. நூற்றிருபதுக்கு எழுபத்தெட்டு. நாடி ஒழுங்கு. எடை முதல் மாதம் நாற்பத்தொன்று, அடுத்த மாதம் நாற்பத்தொன்பது; பக்கத்திலேயே ‘மாத்திரையால் ஊதியது’ என்ற குறிப்பு. ஆக அடியில், யாரும் திருப்பாமல் நுனி மடங்காமல் இருந்தது முதல் பக்கம். முதல் மாதம் தானே பரிசோதித்த டாக்டரின் கையெழுத்தில் மூன்றே வரி. இடது மணிக்கட்டில் நாடி இல்லை. இடக் கையில் அழுத்தம் பார்க்க முடியாது. வலக் கையில் மட்டும் பார்க்கவும்.

அவர் கோப்பைத் திருப்பி நிரஞ்சனியிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். மறுபடி மேல் தாளைப் பார்த்தாள். பிறகு தன் கையெழுத்தையே யாரோ ஒருவரின் கையெழுத்தைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்த நோயில கைக்குப் போற குழாய் அடைஞ்சு போகும் எண்டு நஸீப் சொன்னார். இந்தப் பொம்பளைட இடக் கையில நாடியே இல்ல. நீங்க அஞ்சு மாசமும் நாடி எழுதி வச்சிருக்கீங்க. நீங்க பொய் எழுதல்ல, துடிச்சதத்தான் எழுதினீங்க,” என்றார் தாஸிம். “குழாய ஆய்வுகூடத்துல மாத்தலாம் மிஸ். கைய மாத்த ஏலாது. இந்தக் கதிரைக்கு வந்தது வேறொரு ஆள்.”

அந்த ஆளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். நிரஞ்சனி கோப்பை மூடினாள்.

“ஒரு நாளைக்கு அறுபது கை பாக்கிறன் ஐயா,” என்றாள் கடைசியில். “முகம்…”

அப்போதுதான் கஜலட்சுமி குறுக்கே வந்தாள். அவள் குரலில் விளையாட்டு இருக்கவில்லை.

“மொகம் வேணாம் மிஸ். கை ஞாபகம் இருக்கா?”

கை ஞாபகம் இருந்தது. பலமான கை, நரம்பு கயிறு மாதிரி, முதல் குத்திலேயே இரத்தம் வந்துவிடும். விரல் நுனிகள் மட்டும் கறுப்பு, எவ்வளவு துடைத்தாலும் போகாத கறுப்பு.

வெளியே வந்து இருவரும் ஓட்டோவில் ஏறினார்கள். ஹந்தானைப் பாதையில் ஏற்றம் தொடங்கிய பிறகுதான், யாரோ காசு கொடுத்து ஆள் பிடித்து அனுப்பியிருப்பார்களோ என்று தாஸிம் தன் பழைய தொழில் புத்தியோடு கேட்டார். காப்புறுதியில் அவர் பார்த்த ஆள்மாறாட்டம் எல்லாமே காசுக்காகத்தான்.

“நானா, அந்தக் கறுப்பு தேயிலக் கொழுந்துக் கறை. மூணு கிழமை மலைக்குப் போகாட்டிப் போயிரும். ஜெயராணி மலைக்குப் போகாம ஒரு வருஷம்னு கோப்புல இருக்கு. வந்தவ இப்பவும் கொழுந்து பறிக்கிறவ.” அவள் வளைவில் ஓட்டோவை ஒடித்துத் திருப்பினாள். “எங்கம்மாவுக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ பெரியம்மாதான் அவுங்க பேருக்குக் கொழுந்து பறிச்சுப் போட்டாங்க. தன் கூடையோட இன்னொரு கூடை. நிறுக்கிற எடத்துல அம்மா பேரச் சொல்லுவாங்க, கங்காணியும் கண்டுக்காம எழுதிக்குவாரு. தராசுக்குக் கொழுந்துதான் தெரியும், பறிச்ச கை தெரியாது. லயத்துல பொறந்தவங்களுக்கு இது ஆள்மாறாட்டம் இல்ல நானா. இது பாசம்.”

தாஸிம் தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தின் கடைசி அறை வாசலில் ஜெயராணி பலகைக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நான்கு வயது என்று கோப்பு சொன்னது. உடம்பைப் பார்த்தால் பள்ளிப் பிள்ளை மாதிரி இருந்தாள். வலது கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அவர்கள் யாரென்று கஜலட்சுமி எடுத்துச் சொன்னாள். தாஸிம் அனுமதி கேட்டு அவள் இடது மணிக்கட்டில் விரல் வைத்தார். குளிர்ந்த கை. எவ்வளவு நேரம் வைத்திருந்தும் ஒன்றும் துடிக்கவில்லை.

நஸீப் என்ற ஒருவன் தன்னால் வேலை இழக்கப் போகிறான் என்று ஜெயராணிக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டதும் அவள் முகம் கறுத்தது. பிறகு மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். முதல் மாதம் இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது லயத்துப் படியில் மயங்கி விழுந்தாள். அக்கா பாலம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதத்திலிருந்து, மாத்திரையை ஆளே வந்து வாங்க வேண்டியதில்லையாம் என்று சொல்லி அக்காவே போய்வந்தாள். மாத்திரை குறையக் குறைய அக்காவுக்குச் சந்தோசம். மூன்றிலிருந்து இரண்டாகிய நாள் பாயசம் காய்ச்சினாள்.

“கண்ணு போயி ஆஸ்பத்திரியில கெடந்தப்போதான் டாக்டரு சொன்னாரு, ஒன் ரத்தம் நல்லாத்தானேம்மா இருந்திச்சுனு. என் ரத்தத்த யாரு எடுத்தானு யோசிச்சேன். அக்கா கையில ஊசி குத்துன தழும்பு இருந்திச்சு.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “இவ ஒடம்புல இருக்கிறதே நாலு சொட்டு, அதையும் உறிஞ்சிட்டா என்னா மிஞ்சும்னு நெனச்சிருக்கா. டிஸ்பென்சரி கார்டுல ரெண்டு பேருக்கும் ஒரே குறூப்பு. ஒரே குறூப்புனா ஒரே ரத்தந்தானேனு அவளுக்கு. என் பேருக்குக் கொழுந்து பறிச்சுப் போட்ட மாதிரி, என் பேருக்கு ரத்தமும் போட்டுட்டு வந்திருக்கா.”

“அக்காட்ட நீங்க கேக்கல்லையா?”

“கேட்டா அவளுக்குத் தெரிஞ்சிரும்ல, ஐயா.”

இதைத்தான் தாஸிம் எதிர்பார்த்திருக்கவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடிக்க வந்த இடத்தில், அக்காவுக்கு உண்மை தெரிந்துவிடாமல் கண்ணை இழந்தவளே காவலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து தானே போவதாக அவள் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தாள்; டாக்டர் கண்ணையும் பார்க்க வேண்டுமாம் என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டாள். கஜலட்சுமி இரண்டு தாளில் வாக்குமூலம் எழுதினாள். முதல் தாளில் நோய், மயக்கம், போகாமல் விட்ட மாதங்கள், எல்லாவற்றுக்கும் கீழே ஜெயராணியின் கையெழுத்து. இரண்டாம் தாளில் பாலம்மாவின் பெயர். எழுதி முடிந்ததும், அக்காவைத் தானே வற்புறுத்தி அனுப்பியதாக எழுதிக்கொள்ளும்படி ஜெயராணி கேட்டாள். தாஸிம் தலையை ஆட்டினார். பொய்யை எழுதமாட்டேன், எழுதாமல் விடக்கூடியதை எழுதாமல் விடப் பார்க்கிறேன் என்றார்.

அந்த நேரம் பகல் கொழுந்து நிறுவையை முடித்துவிட்டுப் பாலம்மா வந்தாள். தலையில் கொங்காணித் துணி, முதுகில் கூடை, அகன்ற சிரிப்பு. ஆட்கள் யாரென்று கேட்கும் முன்பே தேத்தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு துண்டு சர்க்கரையும் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் ஐயாவோட ஆளுங்க, கண் விசயமா வந்திருக்காங்க என்றாள் ஜெயராணி. பாலம்மா கறுத்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாஸிமுக்கு எதிரே குந்தினாள்.

“நல்லதாப் போச்சுங்க. ஒண்ணு கேக்கணும். என் கண்ணு ரெண்டுல ஒண்ண எடுத்து இவளுக்கு வைக்க ஏலுமானு டாக்டர் ஐயாகிட்ட கேட்டுச் சொல்லுவீங்களா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தாங்க.”

ஜெயராணி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கஜலட்சுமி தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினாள்.

“அது உங்களுக்கே இருக்கட்டும் தங்கச்சி,” என்றார் தாஸிம். “அவவக் கையப் புடிச்சு நடத்திக்கிட்டுப் போற ஆளுக்கு ரெண்டு கண்ணும் வேணும்.”

வெள்ளிக்கிழமை விசாரணை அரை மணி நேரம்தான் நடந்தது. தாஸிம் மேசையில் எண்களை வைத்தார், கோப்பின் முதல் பக்கத்தை வைத்தார், ஜெயராணியின் முதல் தாளை வைத்தார், எல்லாரையும் அழைத்துப்போய் அந்தக் கதிரையையும் காட்டினார். நிலையத்தின் தலைவர், வந்த பெண் யாரென்று தெரியுமா என்று கேட்டார்.

“தெரியும்.”

“சொல்லுங்கள்.”

“நஸீப் குழாயை மாற்றினாரா என்று கேட்கத்தான் இந்த விசாரணை. அவர் மாற்றவில்லை. அந்தப் பெயர் எனக்கு நம்பிக்கையில் தரப்பட்டது.”

பெயர் இல்லாமல் இதை ஏற்க முடியாது, கோப்பு திறந்தே இருக்கும், நஸீபும் வெளியேதான் இருப்பான் என்றார் தலைவர். தாஸிமின் பையில் இரண்டாம் தாள் இருந்தது. எடுத்து வைத்தால் எல்லாம் முடிந்துவிடும். வாசலில் மஸாஹிரா கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது. பையின் கொக்கியில் அவர் விரல் போய் நின்றது.

அப்போது மேசைக் கோடியில் இருந்த டாக்டர் பேசினார். முதல் பக்கம் தன் கையெழுத்து என்றார். ஐந்து மாதமும் எண்களைப் பார்த்தேன், ஒரு தடவைகூட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை என்றார். பெயர் வேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

நஸீபைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் படியிறங்கும்போதே, அடையாள அட்டை இல்லாதவர்களிடம் இனி இரத்தம் எடுக்கப்படமாட்டாது என்று மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

“அட்டையப் பாப்பாங்களாம்,” என்றாள் கஜலட்சுமி. “இனியும் மொகத்தப் பாக்க மாட்டாங்க.”

நஸீப் தாஸிமின் கையைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. மஸாஹிராதான் மெல்ல அவனை விடுவித்து அழைத்துப் போனாள். அவன் மேல் இருந்த பழி போய்விட்டது. ஹந்தானையில் ஒருத்திக்குக் கண் போனது போனதுதான். அதற்கு யாரைக் கோபிப்பது என்று தாஸிமுக்கே விளங்கவில்லை. கோபிக்க ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது பிற்பகல் அஸர் தொழுகை நேரம். தொழுதுவிட்டு வந்து கஜலட்சுமியை வடை வாங்க அனுப்பினார். கீழே கடைக்காரனோடு அவள் விலை பேசும் சத்தம் கேட்டது. குறைந்தது பத்து நிமிடம் பிடிக்கும்.

தாஸிம் பையிலிருந்து இரண்டாம் தாளை எடுத்தார். பாலம்மா என்ற பெயர் கஜலட்சுமியின் உருண்டைக் கையெழுத்தில் நாலு இடத்தில் இருந்தது. முன்பெல்லாம் அவர் இப்படிப்பட்ட தாள்களைத்தான் கோப்பில் தைத்து, இலக்கம் போட்டு, பத்திரமாக வைத்தவர்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் லொறியில் வந்து இறங்கி ரிப்காவுக்கு இரத்தம் தந்தவளின் விரல் நுனியும் கறுத்துத்தான் இருந்திருக்கும் என்று நினைத்தார். அவள் பெயரையும் யாரோ ஒருவர் சொல்லாமல் வைத்திருந்தார்.

அடுப்பருகே இருந்த நெருப்புக்குச்சி வழக்கம்போல நனைந்திருந்தது. இரண்டு குச்சி வீணாகி மூன்றாவது பற்றியது. தாளைத் திரியாகச் சுருட்டி அதில் காட்டினார். அது விரலைச் சுடும்வரை பிடித்திருந்து அடுப்பை மூட்டினார். மிச்சத்தை அடுப்புக்குள்ளேயே விட்டுவிட்டு, கேத்தலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்தார்.